பேக்கரியில் தங்கிய பாசி

தூத்துக்குடியில் புயலுக்குப் பயப்படாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அடுத்தவர் தும்மலுக்குப் பயந்தே காலம் தள்ளிய ஒரே ஆள் எங்கள் பாசி மேடம்தான்.

முத்தையாபுரத்தைத் தாண்டி, கடலோரத்தில் ஒரு ஹேட்சரியில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துச்சிப்பிக் குஞ்சு பொரிக்கிற இடம். குஞ்சு என்றதும் கோழிக்குஞ்சை நினைத்துக்கொள்ள வேண்டாம். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் அது இருப்பதே தெரியும். அது தின்கிற தீனி அதைவிடப் பொடிசு. கடல் தண்ணீரில் வளர்கிற, பொன்னிறமான ஒரு பாசி. அந்தப் பாசியை வளர்ப்பதற்கென்றே பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கி வந்தவர் மேடம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாள் தவிர யாரும் அதை உபயோகித்ததில்லை.

பாசி அறைக்குள் ஏசியும் ட்யூப் லைட்டும் எப்போதும் ஓடும். அலமாரி நிறையக் கண்ணாடிக் குடுவைகள். வெளிக்கிருமி ஒன்று உள்ளே போனாலும் குடுவை கெட்டுவிடும் என்பதால், வாசலிலேயே விசாரணை நடக்கும். செருப்பு, பவுடர், பூ எல்லாம் வெளியே. அப்புறம் சளி இருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்றால் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்பார். அதுவும் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்கு வந்துவிடுவார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்கள்.

பாசிக்கு அவர் வைத்திருந்த செல்லப் பெயர் தங்கம். இதனால் டவுன் பஸ்ஸில் பெரிய சங்கடம். ஒருநாள் கூட்டத்துக்கு நடுவே போனில், "தங்கம் நேத்தே ரெண்டு லிட்டர் தேறிருச்சு, நாளைக்குப் பெரிய ஜாடிக்கு மாத்திரலாம்" என்று சத்தமாகச் சொன்னார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. லிட்டர் கணக்கில் தங்கம் வைத்திருக்கும் ஆள் சாயம் போன சேலையில் நிற்கிறாரே என்று ஒரு அம்மாவுக்குத் தாங்கவில்லை. எங்களோடு இறங்கி, எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். மேடம் நின்று நிதானமாகப் பாசியைப் பற்றி விளக்கினார். பாதி விளக்கத்தில் அந்த அம்மாவுக்கு அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

வம்பு வந்தது முதலாளி கூட்டிவந்த ஒரு பெரிய மனிதரால். தொழிலில் பணம் போடலாம் என்று பார்க்க வந்தவர். அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வாசம் உள்ளே வந்தது. மேடம் கதவில் கையை வைத்து மறித்து, கண்ணாடி வழியாகவே எல்லாம் தெரியும் என்றார். அவரும் ஐ.சி.யூ.வில் சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டில் தீனி டின்னில் வருகிறதாமே, வரவழைத்துவிடு என்றார். இந்தத் தடவைக் குஞ்சு கரைசேர்ந்ததும் பாசி அறையை மூடிவிடலாம் என்று முடிவு. அந்தக் குஞ்சுக்காகத் திரேஸ்புரத்துப் பெண்கள் சிலர் சிப்பி வளர்க்கக் கடலில் மிதவை கட்டிக் காத்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் மேடம் காதுக்கும் போனது. மறுநாள் நான் பாசி அறைக்குள் நுழைந்தபோது சளி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அதுதான் என்னவோ போல் இருந்தது.

அப்புறம் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழைக்குப் பழகிய ஊர் இல்லை. ஒரே நாளில் ரோடு எது, உப்பளம் எது என்று தெரியாமல் போனது. கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் இருமிவிட்டு நின்றது. மிச்சமிருந்த டீசல், தொட்டிகளுக்குக் காற்று அடிக்கிற சின்ன மோட்டாருக்கே காணாது. வெளியே வெயிலும் இல்லை, உள்ளே விளக்கும் இல்லை. பெரிய ஜாடிகள் லேசாக வெளுக்கத் தொடங்கின. எல்லாப் பாசிக்கும் மூலமான தாய்ப்பாசி சின்னக் குடுவைகளில் இருந்தது. அது போனால், குஞ்சுகளுக்குத் தீனி மறுபடி உண்டாக்க வழியே இல்லை.

மேடம் ஜாடிகளை விட்டுவிட்டுத் தாய்ப்பாசி இருந்த அலமாரிப் பக்கம் போனார். பிறகு குடுவைகளை ஒரு மீன் பெட்டியில் துணி சுற்றி அடுக்கி, "ஏளா, அந்தப் பக்கம் பிடி" என்று என்னைக் கூப்பிட்டார்.

துறைமுகத்திலிருந்து வந்த ஒரு லாரி மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. கையைக் காட்டி நிறுத்தி ஏறினோம். ஏறியதும் மேடம் டிரைவரின் பீடியைப் பிடுங்காத குறையாகக் கீழே போடச் சொன்னார். டிரைவர் முறைத்து, அப்படி என்ன இருக்கிறது பெட்டியில் என்றார். மேடம் உண்மையைத்தான் சொன்னார்: "குஞ்சுகளுக்குச் சாப்பாடு."

டிரைவர் காதில் அது குழந்தைகளுக்குச் சாப்பாடு என்று விழுந்துவிட்டது. மனிதர் முகமே மாறிப்போனது. அங்கிருந்து டவுன் வரை தலையை வெளியே நீட்டி, "ஒத்துலே, பச்சப்பிள்ளைக சாப்பாடு போவுது" என்று வழியெல்லாம் விலக்கிக்கொண்டே ஓட்டினார். அவரைத் திருத்தவேண்டும் என்று மேடத்துக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

டவுனில் மேடான இடத்தில் ஒரு பேக்கரி. சொந்த ஜெனரேட்டரில் அது மட்டும் ஜெகஜோதியாக இருந்தது. மேடம் நேரே உள்ளே போய் மக்ரூன் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விளக்கு உண்டு, தூசி இல்லை, சூடும் அளவோடு இருந்தது. மேல்தட்டைக் காலி செய்து தரச் சொன்னார். பேக்கரி அண்ணாச்சி, ஊரே ரொட்டிக்கு அலைகிற நேரத்தில் பாட்டிலுக்கு இடமா என்று தயங்கினார்.

"அண்ணாச்சி, இது செத்துப்போச்சுன்னா தொட்டியில இருக்க அம்புட்டுக் குஞ்சும் பட்டினியில போயிரும். மக்ரூன நீங்க நாளைக்கும் சுட்டுக்கிடலாம். இத நாளைக்குச் சுட முடியாது."

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். பிறகு தட்டை அவரே உருவி எடுத்தார். காலையும் மாலையும் குடுவையை எப்படி மெல்லச் சுழற்றிவிட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

திரும்பி வந்த பிறகு நாங்கள் பட்டபாடு தனி. ஜாடிகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. இருந்த தீனியை மேடம் அளந்து அளந்து ஊற்றினார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்புத் தண்ணீரில் டீசல் கேனைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். டின் தீனி எங்கே வருகிறது என்று நான் கேட்கவில்லை. அது எங்கோ வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. சில தொட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. அவற்றைத் திறந்துவிடும்போது மேடம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு தொட்டி.

போனில் சிக்னல் வந்ததும் பேக்கரியிலிருந்து போட்டோ வரத் தொடங்கியது. தினமும் 'காலை வணக்கம்', கீழே குடுவைகள், ரோஜாப்பூப் படம். அந்த சர்பத்தில் ஒன்று கொடுங்கள் என்று கேட்டவர்களை அண்ணாச்சி விரட்டி அலுத்துப்போய், 'இது குடிப்பதற்கு அல்ல, உயிர் உள்ளது' என்று அட்டை எழுதி மாட்டினாராம். அதன் பிறகு ரொட்டி வாங்க வந்தவர்களைவிட உயிரைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். பெட்டி பக்கத்தில் நின்று தும்மிய ஒருவரை வெளியே அனுப்பிவிட்டதாக ஒருநாள் குரல்செய்தி அனுப்பியிருந்தார். மேடம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

கரண்ட் வந்தது. குடுவைகளும் வந்தன. பொன்னிறம் மங்காமல் இருந்தது. பெரிய ஜாடியில் பெருக்கி, மிஞ்சிய தொட்டிக்கு ஊற்றிய அன்று மேடம் என்னை மைக்ராஸ்கோப் பக்கம் இழுத்தார். கண்ணாடித் துண்டு போலிருந்த குஞ்சுகளின் வயிற்றில் பொன்னாக ஒரு பொட்டு. தின்றிருந்தன. பக்கத்தில் நின்ற முதலாளிக்கும் காட்டினார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். டின்னைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவேயில்லை. பாசி அறைக்கென்று தனியாக ஒரு ஜெனரேட்டர் வந்தது.

குஞ்சுகள் ஓடு கட்டி, நகக்கண் அளவு வளர்ந்து, திரேஸ்புரத்துப் பெண்களின் மிதவைக்குப் போயின. சில மாதம் கழித்துப் பார்க்க வரச் சொல்லி ரோஸ்லின் அக்கா படகு அனுப்பினார். மிதவைக் கூட்டத்துக்குத் தலைவி அவர்தான். கடல் பாசியில் டாக்டர் பட்டம் வாங்கிய எங்கள் மேடம் கடலுக்குள் போவது அதுதான் முதல் தடவை என்பது படகு ஆடிய பிறகுதான் தெரிந்தது. கரை மறைவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பிவிடலாம் என்று ரோஸ்லின் அக்கா எவ்வளவோ சொன்னார். மேடம் தலையை மட்டும் ஆட்டினார்.

மிதவையில் கயிற்றை இழுத்துத் தூக்கினார்கள். வலைக்கூடைக்குள் சிப்பிகள் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் சொட்ட, ஒவ்வொன்றும் ரூபாய் நாணயம் அளவு. மேடம் ஒரு பார்வை பார்த்தார், படகுக்கு வெளியே குனிந்தார், வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னொரு தடவ தூக்குங்க" என்றார்.

எத்தனை தடவை தூக்கினார்கள் என்று தெரியாது. நான் சிப்பியைச் சரியாகப் பார்க்கவே இல்லை. குனியும்போதெல்லாம் அவர் நெற்றியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையை நான் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.