ஞானஸ்நானத்தன்று போன மீசை

சொந்த முகத்தைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கும் அந்த நினைப்பு வெகுகாலம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் அது போய்விட்டது. கூடவே மீசையும் போய்விட்டது.

அதுவரை நான் கார்ட்ரிட்ஜ் ரேசர்காரன். ஐந்து பிளேடுகளை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தலை மாட்டிய ரேசர். ஒரு கையில் செல்போனை வைத்துப் பேசிக்கொண்டே இன்னொரு கையால் அழுத்தி இழுக்கலாம், ஒன்றும் ஆகாது. அந்த ரேசரின் குறையும் அதுதான், ஒன்றுமே ஆகாது. தாடி பாதி அப்படியே நிற்கும். கழுத்தில் மட்டும் சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாகக் கிளம்பும்.

இதற்கு வழி தேடிப் போய்த்தான் இணையத்தில் சேஃப்டி ரேசர் பக்தர்களிடம் மாட்டிக்கொண்டேன். அவர்கள் ஷேவிங்கைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் தியானம் சொல்லித்தருகிறார்கள் என்று தோன்றும். (ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். அவருக்கு நெஞ்சு வரைக்கும் தாடி.)

பார்சல் வந்தது. முழுக்க உலோகம். பிடி ஒன்று, அதன்மேல் ஒரு தட்டு, அதற்கு மூடியாக இன்னொரு தட்டு. நடுவில் இரண்டு பக்கமும் கூரான ஒரே ஒரு பிளேடு. கையில் வைத்தால் கனமாக உட்கார்ந்தது. பிளேடை வெளிச்சத்துக்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்தால் அது இருப்பதே தெரியவில்லை. இவ்வளவு மெல்லிய ஒன்றை ஒரு மனிதன் செய்து, இன்னொரு மனிதன் அதைத் தைரியமாகக் கழுத்தில் வைக்கிறானே என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விசேஷத்த வச்சிக்கிட்டு அதுல கை வைக்காதீங்க" என்றாள் என் மனைவி செலின்.

விசேஷம் சிதம்பரத்தில், என் தங்கை ஜெனிட்டா வீட்டில். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன். போனிலேயே மிரட்டியிருந்தாள்.

"அண்ணா, போட்டோவுல நீதான் புள்ளைய வச்சிக்கிட்டு நடுவுல நிப்ப. நல்லா ஷேவ் பண்ணிட்டு வா. போன தடவ மாதிரி முள்ளு முள்ளா வந்து நிக்காத."

அதனால்தான் புது ரேசரை எடுத்தேன். செலின் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பிரஷ்ஷால் நுரை எழுப்பி முகமெல்லாம் பூசி, ரேசரைக் கன்னத்தில் வைத்து இறக்கினேன். நான் இறக்கவில்லை, அது தன் கனத்தில் தானே இறங்கியது. 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். என் தாடிக்குச் சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தடவிப் பார்த்தேன். கண்ணாடி டம்ளரைத் தடவியதுபோல விரல் வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை வருஷம் நான் ஷேவ் செய்யவே இல்லை, சும்மா சொறிந்துகொண்டிருந்திருக்கிறேன் என்று புரிந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டு கன்னமும் வழவழவென்று வந்ததும் எனக்குக் கை தேர்ந்துவிட்ட திமிர் வந்துவிட்டது. முகவாயில் பழைய பழக்கத்தில் ஒரு அழுத்து அழுத்தினேன். வலியே இல்லை. நுரை மட்டும் மெல்ல ரோஸ் நிறமாக மாறியது. அதையும் மரியாதையோடுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். வலிக்காமல் வெட்டுகிறதே, என்ன பிளேடு.

அடுத்தது மீசையின் ஓரம். இந்த ரேசரின் தலை அகலம், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. லேசாக ஒரு இழுப்பு. வலது பக்கம் கால்வாசி மீசை தண்ணீரோடு போய்விட்டது. சரிசெய்ய இடது பக்கம் கொஞ்சம் எடுத்தேன். அது ஜாஸ்தியாகிவிட்டது. மறுபடி வலது. கடைசியில் மூக்குக்குக் கீழே நடுவில் மட்டும் ஒரு துண்டு நின்றது. அதைக் கண்ணாடியில் பார்த்தபோது உலகப் போர் ஞாபகம் வந்தது. அந்தக் கோலத்தில் கோயிலுக்குள் போக முடியாது. எடுத்துவிட்டேன்.

முகவாயில் ரத்தம் நிற்கவில்லை. பக்கத்துச் சுவரில் நகைக்கடைக் காலண்டர் தொங்கியது. அன்றைய தாளைக் கிழித்து, துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

கல்லூரிக் காலத்திலிருந்து இருந்த மீசை. செலின் என் மேலுதட்டைப் பார்த்ததே இல்லை. காபி டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"திரும்புங்க. இந்தப் பக்கம்." கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்கள எங்கியோ பாத்திருக்கேங்க."

"கல்யாணமாயி ரெண்டு வருஷமா இந்த வீட்லதான் இருக்கேன்."

அப்பா வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவரின் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றார்.

பஸ்ஸில் அப்பா எப்போதும் ஜன்னலோர சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அன்று, "நீ ஜன்னல் பக்கம் ஒக்காரு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர் ஒருவர் அதே பஸ்ஸில் இருந்தார். என் மோட்டார் பம்ப் கடைக்கு வாடிக்கையாக வருபவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் தலைக்கு மேலே குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பப்பா நடந்துச்சி? ஒரு வார்த்த சொல்லலியே."

"என்னாது?"

"அப்பா தவறுனது." மீசையில்லாத என் உதட்டைப் பார்த்து அவர் கண் கலங்கியிருந்தது. (எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. அவருக்கு அது எப்படித் தெரியும்?)

அப்பா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். "தவறுனா சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அந்த மனிதர் ஆலப்பாக்கத்தில் இறங்கிவிட்டார். அவருக்கு அங்கே வேலை இருந்ததாக நான் நம்பவில்லை.

சிதம்பரத்தில் என் மச்சான் விக்டர், அதாவது ஜெனிட்டாவின் கணவர், கூடத்தில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனில் பிரியாணிக்காரரை அதட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் வந்து நின்றேன். பேச்சு பாதியில் நின்றது. எழுந்தார். லுங்கியை இறக்கிவிட்டார். போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வாங்கத்தே" என்றார்.

எங்கள் அம்மா இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. என் கல்யாணத்தைப் பார்க்கவில்லை, இந்தக் குழந்தையையும் பார்க்கவில்லை. செலின் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். உயிரோடு இருந்தவரை விக்டருக்கு அவரிடம் பயம். அம்மா எதுவும் சொல்ல மாட்டார். மேலுதட்டை லேசாக இறுக்கிக்கொண்டு பார்ப்பார், அவ்வளவுதான்.

குழந்தையோடு உள்ளிருந்து வந்த ஜெனிட்டா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கிட்டே வந்து, ஒரு விரலால் என் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா உதடுண்ணா இது."

அவள் அறைக்குள் கூட்டிப் போய்க் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். காலையில் நான் பார்த்தது பிளேடையும் ரத்தத்தையும்தான். இப்போது நிதானமாகப் பார்த்தேன். நடுவில் சின்னப் பள்ளம், வலது ஓரம் கொஞ்சம் கீழே இறங்கிய கோடு. அம்மாதான். இத்தனை வருஷம் என் மீசைக்குக் கீழேயே இருந்திருக்கிறார். முகவாயில் காகிதத் துண்டோடு அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் அப்பா தெரிந்தார். அம்மா இருந்தவரை பஸ்ஸில் ஜன்னலோரம் எப்போதும் அவர்தான் உட்காருவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கோயிலில் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்றேன். அதுவரை எல்லா ஆண்களிடமும் வீறிட்டு அழுத குழந்தை என் கன்னத்தில் கன்னத்தை வைத்துத் தேய்த்துவிட்டு அப்படியே தூங்கிப்போனது. அந்த ரேசரின் சாதனையில் எனக்கு இன்னும் பிரமிப்பு தீரவில்லை. பங்குத்தந்தை தண்ணீர் ஊற்றக் கிட்டே வந்தவர், என் முகவாயை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"எமகண்டம்னு போட்டிருக்கே."

காலண்டர் துண்டை அச்சுப் பக்கம் வெளியே தெரிகிறபடி ஒட்டியிருக்கிறேன்.

"பன்னெண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்குது ஃபாதர்" என்றார் விக்டர் பின்னாலிருந்து.

"அப்ப அதுக்குள்ள முடிச்சிடுவோம்" என்று தண்ணீரை ஊற்றினார்.

மீசை திரும்ப வளர்ந்துவிட்டது. ஆனாலும் விக்டர் இன்றுவரை போன் எடுத்தால் "அத்தே, சாப்டீங்களா" என்றுதான் ஆரம்பிக்கிறார். வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை முற்றினால் ஜெனிட்டா, "எங்கண்ணன ஷேவ் பண்ணிட்டு வரச் சொல்லட்டுமா?" என்பாளாம். சண்டை அதோடு முடிந்துவிடுமாம். குழந்தைக்கு இப்போது மூன்று வயது. அதுவும் அப்பாவை இப்படித்தான் மிரட்டுகிறது.

போன மாதம் ஜெனிட்டா கூப்பிட்டாள். "அண்ணா, ஞாயித்துக்கெழம ஷேவ் பண்ணிட்டு வரியா?"

"என்னா, மறுபடியும் சண்டையா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா பாக்கணும் போல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நான் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, யாரும் கூப்பிடாமலே அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றிருந்தார்.