கப்பைச் சுற்றி ஆறு இலக்கம்

கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தவன் தன் கல்யாணத்தில் மைக்கைத் தொடக் கூடாது. நான் தொட்டேன்.

142857 என்ற எண்ணின் மேல் எனக்கு அப்போது பித்து. (மீனாவைப் பெண் பார்த்தது அதற்குப் பிறகுதான்.) ஒன்று முதல் ஆறு வரை எதால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள் அதே வரிசையில் சுற்றி வரும், தொடங்குகிற இடம் மட்டும் மாறும். இரண்டால் பெருக்கினால் 285714. ஏழால் பெருக்கினாலோ ஆறும் ஒன்பது! இதை ஒரு கப்பைச் சுற்றி எழுதிவிட்டால் எங்கே தொடங்கிப் படித்தாலும் ஒரு விடை. விருத்தாசலத்துக்காரனுக்குப் பீங்கானுக்கா பஞ்சம்?

"தாம்பூலப் பையில தேங்கா போட்டாப் போதும்டா" என்றார் அப்பா. கேட்பேனா? முந்நூறு கப்புக்கு ஆர்டர் கொடுத்தேன்.

பட்டறையில் கப்புக்கு வண்ணம் தீட்டுகிற செல்வி அக்கா என் துண்டுச் சீட்டை இரண்டு முறை பார்த்தார்.

"சார், வாயால சொல்றப்ப எட்டு அஞ்சுன்னீங்க. சீட்டுல அஞ்சு எட்டுன்னு இருக்குது. எதுங்க சரி?"

"சீட்டுல இருக்கிறதுதான். நான் கணக்கு வாத்தியாரு, அக்கா" என்றேன், சீட்டைப் பார்க்காமலே.

வரவேற்பன்று ஆளுக்கொரு கப். மைக்கைப் பிடித்தேன். "கப்புல இருக்கிற நம்பரை ரெண்டால பெருக்குங்க. அப்புறம் கப்புல ரெண்டுலேருந்து படிங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கும்!"

சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த மீனாவின் சித்தப்பா செல்போனைத் தட்டினார். "மாப்ள, போன்ல 285174ன்னு வருதுங்க. கப்புல 258714ல்ல இருக்குது?"

"மூணால பெருக்குங்க!" அதுவும் உதைத்தது. முந்நூறு பேர் கப்பைத் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தார்கள். "பெயிண்ட் பண்ணவங்க தப்பாப் போட்டுட்டாங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த செல்வி அக்கா எழுந்தார். (நானேதான் பத்திரிகை வைத்திருந்தேன்.) மேடைக்கு வந்து, பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து. 142587.

"நான் கேட்டேனேங்க சார்" என்றார் மெதுவாக. ஆனால் மைக் என் கையில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"தப்பு என்னோடதுதான். அக்கா கேட்டாங்க. நான்தான் பாக்காம பெருமை அடிச்சிட்டேன். மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"வுடுங்க சார், கல்யாண டென்ஷனு" என்றார். மண்டபமே சிரித்தது.

அதுவரை என்னிடம் நாலு வார்த்தைகூடப் பேசாத மீனா, கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கூட்டுனா இருபத்தேழு வருது. ஒம்போதால வகுபடுதுங்க. வச்சுக்கலாம்."

கப்பையா, என்னையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சேத்தியாத்தோப்பில் இன்றுவரை நான் 'அஞ்செட்டு மாப்ள'தான். வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால் என் மகள், "இருப்பா, செல்வி அத்தைய ஒரு வார்த்த கேட்டுடறேன்" என்று போனை எடுக்கிறாள். வெறும் கிண்டல் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே கேட்கிறாள். அக்கா சொல்வதுதான் சரியாகவும் இருந்து தொலைக்கிறது.