இதரக் கோப்பில் இருந்த கிளட்ச்

முப்பத்துநான்கு வருடம் நில அலுவலகத்தில் குப்பை கொட்டியவனிடம் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் அதை ஓட்ட மாட்டான். அதற்கு ஒரு கோப்பு திறப்பான்.

நான் திறந்தேன். பச்சை அட்டை, முதுகில் எண், உள்ளே பக்கவாரியாகப் பட்டியல். கார் என் மனைவி கமலாவின் தம்பி ரவியுடையது. அவன் கோலா கங்சாரில் இருக்கிறான்; ஈப்போ பக்கம் இருக்கும் எங்களுக்கு ஒரு மணி நேர ஓட்டம். இரண்டு கதவு, சிவப்பு நிறம், முப்பது வயதைத் தாண்டிய ஜப்பான் வண்டி. (ஏறுவது சுலபம். இறங்கத்தான் ஆள் வேண்டும்.) பணி ஓய்வு பெற்ற வருடம் எனக்குப் புத்தி கொஞ்சம் பேதலித்திருந்தது. வாங்கிவிட்டேன்.

ஒரு வருடத்தில் கிளட்ச் தளர ஆரம்பித்தது. முப்பது வயது வண்டியில் அது தளராமல் என்ன செய்யும்? ஆனால் நான், ஒரு சொந்தக்காரர் வீட்டு விருந்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "ரவி பழைய இரும்ப என் தலையில கட்டிட்டான்." ரவி அப்போது ரச வாளியோடு இரண்டு இலை தள்ளி நின்றுகொண்டிருந்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை.

அப்புறம் அவனுடைய அறுபதாம் கல்யாணப் பத்திரிகை வந்தது. தாலியில் முதல் முடிச்சை ரவி போடுவான். மற்ற இரண்டையும் அக்காக்காரி போட வேண்டும். ரவியின் முதல் கல்யாணத்தன்று கமலா எங்கள் மூத்தவளைப் பெற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். யாரோ ஒன்றுவிட்ட தங்கை அந்த முடிச்சுகளைப் போட்டாள். அதைக் கமலா எத்தனையோ தடவை சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருக்கிறாள். இப்போது இரண்டாவது வாய்ப்பு. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவ நாந்தான்" என்றாள்.

"நம்ம கார்லயே போவோம்" என்றேன் நான். இரும்பு ஓடுகிறது என்று ரவி பார்க்க வேண்டுமாம். (யார் கட்டியது, யார் ஓட்டுவது என்ற தர்க்கமெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை.)

செமோரில் பட்டறை வைத்திருக்கும் குமாரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அடியில் குனிந்து பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"அங்கிள், பழசக் கழட்டி அளந்து பாத்துட்டு அப்புறம் சாமான் வாங்குவோம்லா. இந்த மாதிரி வண்டில யார் என்ன மாத்தி வச்சிருக்கான்னு சொல்ல முடியாது."

"எதுக்குக் கழட்டணும்? கிராண்ட்ல எல்லாம் இருக்கே."

கிராண்ட் என்பது காரின் பதிவு அட்டை. நான் அதை எடுத்துக்கொண்டு, எஞ்சினில் பொறித்திருந்த எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. நில அலுவலகத்தில் எண் பொருந்திவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"எஞ்சின் அதேதான் அங்கிள். கிளட்சுக்கு கிராண்ட்ல ஏது நம்பர்? முன்ன வச்சிருந்தவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

அன்று மாலை கமலாவும் அதையே சொன்னாள். "தம்பிக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சிடும்."

"அவனைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் என் கோப்பில் இருக்கு" என்றேன்.

அது உண்மைதான். கொடுமையும் அதுதான்.

மறுநாள் கிராண்டின் நகலோடு ஈப்போவில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். நகலில், சரி பார்க்கப்பட்டது என்று நானே கையெழுத்துப் போட்டு, நானே முத்திரையும் குத்தியிருந்தேன். (ஓய்வு பெற்றபோது அந்த முத்திரையைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.) கடைக்காரர் முத்திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "பழைய கிளட்ச் பிளேட் கொண்டு வரலியா அங்கிள்?" என்று அவரும் கேட்டார். உலகமே என்னைக் காப்பாற்றத் துடித்திருக்கிறது. நான் இடம் கொடுக்கவில்லை.

புது கிளட்ச் வந்தது. குமார் பழைய பிளேட்டைக் கழட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நடுவிலிருந்த பற்கள் சமம். ஆனால் புதியது சுற்றிலும் ஒரு விரல் அளவு சின்னது. பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் புது மூடியின் ஓட்டைகளும் பொருந்தவில்லை.

"யாரோ பெரிய மாடலோட கிளட்ச மாத்தியிருக்காங்க அங்கிள். இது சேராது. சரியானதுக்கு ஒரு வாரம் ஆகும்."

கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"பற்கள் சேருது இல்ல? பழைய மூடிய வச்சே மாட்டு."

"மாட்டலாம். ஆனா பிடிக்காது. மேடு ஏறினா வழுக்கும்."

"கிராண்டில் உள்ளபடிதான் வண்டி இருக்கணும். மாட்டுப்பா."

குமார் மாட்டினான். மாட்டிவிட்டு, கமலாவுக்குப் போன் செய்து, "ஆன்டி, டாக்சி பிடிச்சுப் போங்க" என்று சொல்லியிருக்கிறான். அதைக் கமலா எனக்குச் சொல்லவில்லை. என் பேச்சை நம்பி, அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு காலையில் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

சுங்கை சிப்புட் வரை நான் இளைஞன். அதைத் தாண்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டமாகிவிட்ட ஒரு மேட்டில், எஞ்சின் அலறியது. கார் மட்டும் நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். இன்னும் அலறியது. ஒரு ஆமை மாதிரி ஊர்ந்து, பிறகு ஆமையாகவும் இல்லாமல் நின்றது. கருகிய நாற்றம் உள்ளே வந்தது.

"என்னங்க நாத்தம்?"

"வெளியேருந்து வருது" என்றேன். செம்பனை மரங்கள் மேல் பழி போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கமலா கடிகாரத்தைப் பார்த்தாள். வாடகைக் காருக்குக் கைப்பேசியில் தேடினோம். அந்த இடத்துக்கு யாரும் வருவதாக இல்லை. கடைசியில் செம்பனைக் குலை ஏற்றும் காலி லாரி ஒன்று நின்றது. டிரைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா முன்னால ஏறட்டும். உதவியாளு ஒருத்தன் இருக்கான், அதனால ஒரு சீட்டுதான். ஐயா, நீங்க பின்னால. முள்ளு இருக்கும், பாத்து உக்காருங்க."

பார்த்து உட்கார முடியவில்லை. பட்டு வேட்டியில் நான் நின்றுகொண்டே கோலா கங்சார் போய்ச் சேர்ந்தேன். உதிர்ந்த பழங்கள் காலடியில் உருண்டு உருண்டு விளையாடின.

கோயில் வாசலில் இறங்கியபோது கெட்டிமேளம் அடங்கிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தியிருக்கிறார். அதே ஒன்றுவிட்ட தங்கைதான் முடிச்சுகளைப் போட்டிருந்தாள். இரண்டாவது தடவையாக.

கமலா அழவில்லை. தம்பி மனைவியின் தாலியை ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பந்தியில் பரிமாறப் போய்விட்டாள்.

ரவி மாலையோடு என்னிடம் வந்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை: "மச்சான், வேட்டி பூரா எண்ணெ." நான் நடந்ததைச் சொன்னேன். அவன் புரியாமல் பார்த்தான்.

"பெரிய கிளட்ச் நாந்தான் மாத்தினேன். சைஸ், நம்பர், எந்தக் கடையில கிடைக்கும், எல்லாம் எழுதிக் குடுத்தேனே. கார் சாவியோட சேத்து, ஒரு கவர்ல. படிக்கலியா?"

வீட்டுக்கு வந்ததும் பச்சைக் கோப்பைத் திறந்தேன். பதினேழாம் பக்கம். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள், ரவியின் கோணல் எழுத்து, கிளட்சின் விட்டம் உள்பட. மேல் மூலையில் என் சிவப்பு மையில், என் அழகான கையெழுத்தில்: "இதர. முத்திரை இல்லை. நடவடிக்கை தேவையில்லை."

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், மேசையில் திறந்து கிடந்த கோப்பைக் கமலா பார்த்துவிட்டாள். முழுவதும் படித்தாள். "அழகா ஃபைல் பண்ணியிருக்கீங்க" என்றாள். முப்பத்திரண்டு வருட மணவாழ்க்கையில் அவள் என்னைத் திட்டிய ஒரே தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ரவி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். விருந்தில் சொன்னதற்கும் சேர்த்து. அவன் என் சிவப்புக் குறிப்பைப் படித்துவிட்டு, சோபாவிலிருந்து தரைக்கு வழுக்கும் வரை சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது காணாமல் போனாலும், கண்ணாடியோ கத்தரிக்கோலோ, "இதரவுல பாரு" என்பார்கள். பேரப்பிள்ளைகள்கூட.

போன மாதம் ரவி மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்த கையோடு ரவி சொன்னான்: "அக்கா, நீ முதல் நாளே ரயில்ல வந்துரு. மச்சான் கிராண்ட்டப் படிச்சிட்டு மெதுவா வரட்டும்லா." எல்லோரும் சிரித்தார்கள். கமலாவும் சிரித்தாள். முதல் நாளே ரயிலில் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் நான் தனியாகக் காரை எடுத்தேன். ரவி எழுதிக் கொடுத்த கிளட்ச்தான் இப்போது அதில் இருக்கிறது. அந்த மேட்டில் கார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. சொல்வதற்குத் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.