விழுந்தது பைக், படுத்தது நான்

என் முதுகில் டிஸ்க் விலகியது பள்ளிக்கூட ஆசிரியர் அறையில், காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டைக் குனிந்து தூக்கியபோது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊரான நாசரேத்தில் இதை நம்புகிற ஆள் இன்று வரை ஒருவர்கூடக் கிடையாது. (அப்போது பக்கத்தில் நின்று பார்த்த தமிழ் டீச்சர் உட்பட.)

ஊர் நம்புவது வேறு. மண்ணில் ஓட்டுகிற பைக் ஒன்று என்னிடம் இருந்தது. நாற்பது வயதில், மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வாங்கியது. சனிக்கிழமைகளில் தேரிக்காட்டில் ஓட்டுவேன். தேரி என்றால் செம்மணல் மேடு; கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். அதில் ஒரு பெண், அதுவும் கணக்கு டீச்சர், பைக் ஓட்டினால் டிஸ்க் விலகாமல் என்ன செய்யும் என்று தீர்ப்பாகிவிட்டது. ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த என்னைப் பார்க்க வந்தவர்கள், ஆப்பிளை மேஜையில் வைத்த கையோடு பைக்கை எப்போது விற்கப் போகிறாய் என்று கேட்டார்கள். டீச்சர் வேலையை எப்போது விடப் போகிறாய் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! சபையில் எனக்காக ஜெபித்தார்கள். நன்றிதான். ஆனால் அந்த ஜெபத்தின் நடுவிலும், ‘அந்த வாகனத்தின் மேலுள்ள நாட்டத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே’ என்று ஒரு வரி வந்தது. கண்ணை மூடியபடியே எனக்குக் கோபம் வந்தது.

என் கணவர் சாமுவேல் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இருக்கிறார். தலைக்கு மேல் கண்டெய்னர் தொங்குகிற இடத்தில் தினமும் நடமாடுகிற மனிதர், என் பைக்கைப் பார்த்துப் பயந்தார். இதற்கு என்ன நியாயம் என்று கேட்டால், கண்டெய்னருக்கு ஆபரேஷன் ஆகவில்லை என்பார்.

ஆபரேஷன் ஆகி எட்டாவது மாதம், பைக் ஓட்ட டாக்டர் அனுமதி கொடுத்தார். குதிக்கக் கூடாது, வேகம் கூடாது, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தனியாகப் போகக் கூடாது. நான்கு நிபந்தனைகளில் மூன்றைக் கடைப்பிடித்தேன். எழுபத்தைந்து சதவீதம். என் வகுப்பில் அது நல்ல மார்க்.

கணவரிடம் பொய் சொன்னேன். மணப்பாட்டில் இருக்கும் மெக்கானிக் சேவியர் அண்ணாச்சி வண்டிக்கு ஓர் ஆள் பார்த்திருக்கிறார், காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். பழைய லுங்கியைக் கிழித்து, அவரே உட்கார்ந்து வண்டியைத் துடைத்தார். மட்கார்டின் அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணைக்கூட ஸ்பூனால் சுரண்டினார். அதைப் பார்த்தாவது எனக்கு மனசு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஹெல்மெட்டை எடுத்தேன்.

முதல் இருபது நிமிடம் சொர்க்கம். கொல்லா மரங்களுக்கு (முந்திரிதான்) நடுவே, முதுகு ஒரு முனகல்கூட இல்லாமல் வந்தது. ஊர் முழுவதையும் வரிசையில் நிற்க வைத்து இதைக் காட்ட வேண்டும் போலிருந்தது. அப்படி நினைத்துக்கொண்டே ஒரு மேட்டில் ஏறினேன். பாதியில் முன்சக்கரம் மணலுக்குள் போய் வண்டி நின்றது. காலை ஊன்றினேன். ஊன்றிய காலும் உள்ளே போனது. வண்டி, அசை போட்டு முடித்த மாடு படுப்பது மாதிரி, அவசரமே இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்தது. நான் இறங்கி நின்றுகொண்டேன். என் மேல் மண்கூட ஒட்டவில்லை.

வண்டியின் எடை நூற்றுப் பத்து கிலோ. எனக்கு அனுமதி ஐந்து கிலோ. வேறு வழியில்லாமல் சேவியர் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் ஒரு ஞானஸ்நான வீட்டில் இருந்தார். பின்னால் பேண்டு வாத்தியம்.

“அண்ணாச்சி, தேரியில நிக்கேன். விழுந்தாச்சு. தூக்க முடியல.”

யார் விழுந்தது, எதைத் தூக்க முடியவில்லை என்று நான் சொல்லவில்லை. தமிழில் அதையெல்லாம் சொல்ல வேண்டியதும் இல்லை. ‘நிக்கேன்’ என்ற சொல்லைப் பேண்டு விழுங்கிவிட்டது. மிச்சத்தை அண்ணாச்சி என் முதுகோடு சேர்த்துக்கொண்டார்.

“அசையாதீங்க டீச்சர். அங்கனயே கெடங்க” என்று சொல்லிப் போனை வைத்தார்.

‘கெடங்க’ என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருக்கிற இடத்தை அவருக்கு அனுப்பிவிட்டு, கொல்லா மர நிழலில் போய் நின்றேன். முக்கால் மணி நேரத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத அந்தக் காட்டில் சைரன் கேட்டது. வழியில் நின்ற இரண்டு மயில்கள் ஓடி ஒதுங்கின. ஆம்புலன்ஸ்.

நானே எதிரே நடந்து போய், எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். நடந்து போய்த்தான் சொன்னேன் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் வண்டியிலிருந்து இறங்கிய நர்ஸ் கிருபா, என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவள். பலமுறை என்னால் பெஞ்சு மேல் ஏற்றப்பட்டவள்.

“ஆபரேஷன் பண்ண முதுகு டீச்சர். சொல்லுததைக் கேளுங்க. எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க” என்றாள். நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் ஸ்ட்ரெச்சரில் மூன்று பெல்ட் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் நகரவில்லை. டிரைவர் மிதிக்க மிதிக்கப் பின்சக்கரம் பள்ளம் தோண்டியது. படுத்தபடியே, மிதிக்காதீர்கள், டயரில் பாதிக் காற்றை இறக்குங்கள் என்றேன். நோயாளி பேசக் கூடாது என்று பதில் வந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு, நான் வாழ்க்கையில் அவ்வளவு கோபப்பட்டதில்லை.

அப்போதுதான், அண்ணாச்சி போனில் சொல்லி, என் கணவர் வந்தார். தார் ரோட்டில் காரை விட்டுவிட்டு மணலில் ஓடி வந்திருக்கிறார். ஒரு காலில் செருப்பு இல்லை. கக்கத்தில் என் தலையணை. பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

“ஏளா, கால் விரலை அசை” என்றார்.

அசைத்தேன். பத்தையும் அசைத்தேன். அவர் படியில் உட்கார்ந்து தலையணையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். (வியர்வை என்று இன்றும் சாதிக்கிறார்.) கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

“விக்கத்தான போன?”

அதுவரை யார் மேலெல்லாமோ இருந்த கோபம், போக இடமில்லாமல் என்னிடமே திரும்பி வந்தது. பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னேன். என் குரலில் கிருபாவுக்குப் பழைய வகுப்பறை ஞாபகம் வந்திருக்க வேண்டும், அவிழ்த்துவிட்டாள். டிரைவரைக் கொண்டு நான்கு டயரிலும் காற்றைக் குறைத்து, பள்ளத்தில் பனையோலையைப் போடச் சொல்லி, நானே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். டிரைவரும் நர்சும் என் கணவரும் பின்னால் நின்று தள்ள, நோயாளி ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டு தேரியை விட்டு வெளியே வந்தாள்.

பிறகு பைக்கிடம் போனோம். வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைப்பதற்கு அன்றி வேறு எதற்கும் தொடாத மனிதர், குனிந்து நின்று, “எங்கன பிடிக்கணும்?” என்று கேட்டார். சொன்னேன். தூக்கினார். விற்பதைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. சனிக்கிழமைகளில் தார் முடிகிற இடத்தில் காரை நிறுத்தி, பேப்பர் படித்தபடி உட்கார்ந்திருப்பார். இன்று வரை அதுதான் ஏற்பாடு.

இந்தக் கதையை அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். போன வருடம் மகளுக்கு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் சாத்தான்குளத்திலிருந்து வந்தார்கள். காப்பி கொண்டு போன என்னிடம் மாப்பிள்ளையின் அப்பா மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“இன்னைக்கு லீவு போட்டுட்டீங்களா சம்பந்தி? அவசரத்துக்கு ஆம்புலன்ஸை வேற யாரு எடுப்பா?”

இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். என் கணவரைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்த முறுக்கை எடுத்து, அதிலேயே கண்ணாக இருந்தார்.

“நைட் டூட்டி” என்றாள் என் மகள்.