மூர்க்க மேலாண்மைத் துணைக்குழு

உலகத்தில் தீர்க்க முடியாத பிரச்சினை என்று எதுவும் கிடையாது. துணைக்குழு அமைக்கப்படாத பிரச்சினை என்று வேண்டுமானால் ஒன்றிரண்டு இருக்கலாம். அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு இந்தப் பேருண்மையை என்றைக்கோ உணர்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு துணைக்குழு, வாசலில் செருப்பு விடுவதற்கு ஒரு துணைக்குழு, துணைக்குழுக்கள் ஒழுங்காகக் கூடுகின்றனவா என்று பார்க்க இன்னொன்று. ஆகவே மூன்றாம் மாடி நாயும் நான்காம் மாடி நாயும் லிஃப்ட் வாசலில் கட்டிப் புரண்டபோது யாரும் பதறவில்லை. மறுவாரமே ‘நாய்களுக்கிடையிலான மூர்க்கம் புரிதல் மற்றும் மேலாண்மைத் துணைக்குழு’ உதயமாயிற்று. உறுப்பினர்கள் ஐந்து பேர். ஐவரில் ஒருவர்கூட நாய் வளர்த்ததில்லை என்பதால் நடுநிலைமைக்குக் குறைவே இல்லை.

மூன்றாம் மாடி நாயின் பெயர் மேஜர். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரியுடையது. நான்காம் மாடி நாய் பஞ்சு, பல் டாக்டரம்மாவுடையது. டாக்டரம்மாவின் குளியலறைத் தண்ணீர் அதிகாரியின் கூரையில் கசிய ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. இருவரும் பேச்சை நிறுத்தியும் மூன்று வருஷம்தான். இந்தச் செய்திக்கும் நாய்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் சொல்லவில்லை, துணைக்குழு முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிட்டது.

சம்பந்தமெல்லாம் நாயக்காவுக்குத்தான். வளாகத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. மதியம் மூன்று மணிக்கு இந்த இரண்டு நாய்களையும் வெளியே நடத்திக்கொண்டு போய் வரக் குடியிருப்போர் சங்கம் அவளை வேலைக்கு வைத்திருந்தது. தனித்தனியாக நடத்து என்று யாரும் சொல்லவில்லை. சேர்த்து நடத்து என்றும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குச் சேர்த்தே நடத்தினாள். அவளுக்கு இருந்தது இந்த ஒரு வேலைதான். படுத்த படுக்கையாயிருந்த மாமியாரும் படித்துக்கொண்டிருந்த மகளும் இதை நம்பித்தான் இருந்தார்கள்.

துணைக்குழு ‘நாய் நடத்தை ஆலோசகர்’ ஒருவரை வரவழைத்தது. அவர் திரையில் நாற்பது படம் காட்டினார். “மூர்க்கம்ங்கிறது ஒரு மொழி. நாம அதை வாசிக்கக் கத்துக்கணும்” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. போகும்போது ஒரு பதிவேட்டுக்கு மாதிரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். தேதி, நேரம், காது நிலை, வால் கோணம், முதலில் உறுமியது, கடிபட்டவர், கடைசியாக ‘சம்பவத்தின்போது உடனிருந்த மனிதர்கள்’. வாலை அளக்கப் பொருளாளர் தம் பேரனின் கோணமானியை நன்கொடையாகத் தந்தார். அப்பேர்ப்பட்ட மனிதர்.

பதிவேட்டை நிரப்பும் பொறுப்பு நாயக்கா தலையில் விழுந்தது. அவளும் ஒரு மாதம், சொந்தக்காரர்கள் நாய்களைக் கூட்டிப்போகும் காலையும் மாலையும் வளாகத்திலேயே காத்திருந்து, சிரத்தையாக நிரப்பினாள். லிஃப்ட்டில் சண்டை என்று காவலாளி குரல் கொடுத்தால் போதும், கோணமானியோடு ஓடுவாள். மொத்தம் பத்தொன்பது சண்டை. காது மாறியது, வால் மாறியது, நேரம் மாறியது. கடைசிக் கட்டம் மட்டும் மாறவே இல்லை. பத்தொன்பது வரியிலும் அதே இரண்டு பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். நாய்களையும் ‘நேரில் ஆஜர்படுத்த’ உத்தரவு. நாயக்கா இரண்டையும் ஒன்றாகவே கூட்டி வந்தாள். அவை நேராக மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தன. மேஜர் முதுகில் பஞ்சு தாடையை வைத்துக்கொண்டது. மேஜைக்கு மேலே தலைவர் வால் கோணங்களின் சராசரியை வாசித்துக்கொண்டிருந்ததால் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

“நான் ஒண்ணு சொல்லலாங்களா சார்?” என்றாள் நாயக்கா.

“சுருக்கமா சொல்லும்மா.”

“தப்பா நினைக்காதீங்க. நாய்ங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. மேடத்தைப் பாத்ததும் சார் சங்கிலியைக் கையில ரெண்டு சுத்து சுத்தி வெடுக்குன்னு இழுக்கறாரு. மேடமும் அப்படித்தான் இழுக்கறாங்க. கழுத்து இறுகினா அது வாயில்லா ஜீவன், உறுமாம என்ன செய்யும்? மதியம் என்கிட்ட தளர்வாத்தான் நடக்குதுங்க. ரெண்டும் ஒரே கிண்ணத்துல தண்ணி குடிக்குதுங்க.”

“ஒரே கிண்ணத்துலயா?” டாக்டரம்மா எழுந்துவிட்டார். “யாரைக் கேட்டு?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். யாரைக் கேட்டு?” என்றார் அதிகாரி.

“என் பஞ்சுவைக் கெடுத்ததே இவதான்!”

“மேடம் சொல்றது நூத்துக்கு நூறு சரி.”

மூன்று வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. துணைக்குழு அமைத்ததன் பயன் கண்ணெதிரே கனிந்து நின்றபோது அவர் சும்மா இருப்பாரா? “ரெண்டு நாய்க்கும் பொதுவான ஒரே ஆள் யாரு? இந்தம்மாதானே?” என்றார். ஐந்து தலைகள் ஆடின. ‘அனுமதி பெறாத நட்பை ஊக்குவித்தமை’ என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

“சார், வீட்ல எங்க அத்தை படுத்த படுக்கையா இருக்காங்க...”

“அது இந்தக் கூட்டத்துப் பொருள் இல்லம்மா.”

தீர்மானம் ஒன்று: நாயக்கா இன்றோடு நிறுத்தப்படுகிறாள். தீர்மானம் இரண்டு: பதிவேட்டின் கடைசிக் கட்டம் நாய்களுக்குச் சம்பந்தமற்றது என்பதால் நீக்கப்படுகிறது. தலைவரே சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. அதிகாரியும் டாக்டரம்மாவும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

“போறதுக்கு முன்னாடி இன்னைக்கு வரியை நிரப்பிட்டுப் போங்க. நாய்ங்க ஆஜரான நாள், விடக் கூடாது” என்றார் செயலாளர். நாயக்கா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். எழுதினாள். குனிந்து மேஜர் காதை ஒருமுறை, பஞ்சு காதை ஒருமுறை நீவிக்கொடுத்துவிட்டுச் சங்கிலிகளை மேஜைமேல் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செயலாளர். குரலில் படபடப்பு.

“என்னம்மா இது, ‘கடிபட்டவர்: நான்’னு எழுதியிருக்கீங்க? கூட்டத்துலயே கடிச்சுதா? எது கடிச்சுது, மேஜரா, பஞ்சுவா? பயப்படாம சொல்லுங்க, உடனே நடவடிக்கை எடுத்துடலாம்.”

“ரெண்டும் தூங்கிட்டு இருந்துச்சுங்க சார். காது, வால் எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கேன்.”

“அப்ப கடிச்சது யாரு? அதை எழுதவே இல்லையே!”

“எங்க சார் எழுதறது? கடைசிக் கட்டத்தைத்தான் அடிச்சுட்டீங்களே. அது மட்டும் இருந்திருந்தா ஏழு பேர் பேரையும் எழுதியிருப்பேன்.”