மதியம் பாடும் மீன்

மூன்றாவது நாளும் ஒலிப்பதிவு கெட்டுப்போயிருந்தது.

ஆய்வாளர் படகின் முன்பக்கம் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். பவளப்பாறை இறால்களின் படபடப்பு, வாணலியில் கடுகு வெடிப்பதுபோல அருமையாகப் பதிவாகியிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து இருபது நிமிடம் ஆனதும் அதன் மேல் வேறொரு சத்தம் ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்று சின்ன உறுமல், ஒரு நீண்ட உறுமல். கொஞ்சம் அமைதி. பிறகு மெல்லிய விசில்.

உயிரோடு இருக்கும் பாறை சத்தம் போடும், நோயில் கிடக்கும் பாறை அடங்கிவிடும். அதனால் கடலுக்குள் ஒரு மைக்கை இறக்கிப் பாறையின் உடல்நிலையைத் தெரிந்துகொள்வதுதான் அவள் வேலை. அதற்காக ஒரு விமானம், இரண்டு பஸ், மோட்டார் சைக்கிள்களும் ஆடுகளும் ஏறிய ஒரு கப்பல் எல்லாம் மாறி இந்தத் தீவுக்கு வந்திருந்தாள். கப்பல்துறைக் காவலர் மைக் பெட்டியைப் பார்த்துவிட்டு அவளை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரில் மைக்கைப் போட்டு அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். குழாய் சொட்டும் சத்தத்தை அவர் கண்ணை மூடிக் கேட்டார். பின்னால் நின்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்கவைத்த பிறகுதான் விட்டார்.

இத்தனை பாடும் வீணாகிவிடும் போலிருந்தது. இன்னும் பத்து நாள்தான் மிச்சம். உருப்படியாக எதையும் கொண்டுவராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக அருங்காட்சியக இயக்குநர் சொல்லியிருந்தார். பிறகு பழையபடி அதன் அடித்தளத்தில் உட்கார்ந்து சிப்பி டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்ட வேண்டியதுதான்.

முதலில் ஒயர் மேல் சந்தேகப்பட்டாள். புது ஒயர் போட்டாள். உறுமல் இன்னும் துலக்கமாகக் கேட்டது. பிறகு இடத்தின் மேல் சந்தேகப்பட்டாள். நங்கூரத்தை எடுத்து, பாறையின் மறுபக்கம் போய்ப் போட்டார்கள். உறுமலும் கூடவே வந்தது.

மிச்சம் இருந்தது படகோட்டி. ஐம்பது வயதுக்காரர், வாட்டசாட்டமான ஆள். இன்ஜினை அணைத்த பிறகும் சும்மா இருக்கமாட்டார். பின்பக்கம் எதையாவது உருட்டுவார், பலகை அதிர நடப்பார், மெட்டுத் தெரியாத பாட்டு ஒன்றைப் பாடுவார்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பிட்டதும் ஒரே இடத்துல இருந்துடுறீங்களா? நீங்க நடக்குறதுகூட மைக்ல கேக்குது."

"அவ்வளவுதானேம்மா? நான் இருக்கேனான்னு நீயே வந்து பாக்கணும், அப்படி இருந்துக்குறேன்" என்றார் அவர்.

சொன்னபடியே, வலை அடுக்கி வைக்கும் அடியறைக்குள் இறங்கி மேலே பலகையைச் சாத்திக்கொண்டார். அன்றைய பதிவில் காலடிச் சத்தமே இல்லை. பாட்டும் இல்லை. உறுமல் மட்டும் இரண்டு மடங்காகியிருந்தது. படகோட்டி மேல் இருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

வேறு வழியில்லாமல் பதிவைத் தன் பேராசிரியருக்கு அனுப்பி, இந்த இரைச்சலை எப்படி நீக்குவது என்று கேட்டாள். அவர் நாற்பது வருடம் மீன்களின் சத்தத்தையே படித்தவர். மனிதர்கள் பேசினால்தான் அவருக்குச் சரியாகக் காது கேட்காது. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அதை நீக்கிடாதம்மா. அது இரைச்சல் இல்ல, மீன்."

அவர் விளக்கினார். ஆண் மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை அதிரவைத்து உறுமுகிறது. மூன்று குறில், ஒரு நெடில் என்பது அழைப்பு. கடைசியில் வருகிற விசில், அதற்குப் பெண் மீன் சொல்லும் பதில். இப்படி ஒரு தாம்பத்தியம் இதுவரை எந்தப் புத்தகத்திலும் பதிவாகவில்லை.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாளிலிருந்து இறால்களை மறந்தாள். மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருந்தாள். உறுமல் தொடங்கியதும், "வந்துட்டியா?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. ஊரிலிருந்து அம்மா போன் செய்தபோது இந்த ஜோடியைப் பற்றித்தான் பத்து நிமிடம் பேசினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடலுக்கு அடியில் இருக்கிறதுக்குக்கூட வரன் அமைந்துவிட்டது என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

இடையில் ஒரு நாள் படகோட்டி உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போக, அவருடைய மச்சான் படகை எடுத்து வந்தார். தன் முழங்கால் வலியில் ஆரம்பித்து, தம்பியின் நிலத் தகராறு வரைக்கும் அந்த மனிதர் வாயை மூடவே இல்லை. அன்றைக்கு மீன் வரவில்லை. மனிதச் சத்தம் அதற்கு ஆகாது என்று அவள் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். இனி தினமும் நீங்களேதான் வர வேண்டும் என்று படகோட்டியிடம் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கும் இந்த வேலை பிடிச்சிருக்கும்மா. உடம்புக்கு ரொம்ப சுகமா இருக்கு" என்றார் அவர்.

பேராசிரியருக்கு ஊரில் இருப்புக்கொள்ளவில்லை. இயக்குநரிடம் சொன்னார். இயக்குநர் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் சொன்னார். 'மதியம் பாடும் மீன்' என்று தலைப்புப் போட்டு, ஏதோ ஒரு மீனின் படத்தோடு செய்தி வந்துவிட்டது. ஒரு இரைச்சலை நீக்க வழி கேட்டவளுக்குத் திட்டத்தை இரண்டு வருடம் நீட்டிக்கப் போவதாகச் சேதி வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு முள் குத்தியது. மீனை இன்னும் ஒருவர்கூடக் கண்ணால் பார்க்கவில்லையே.

பேராசிரியர் தொப்பியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியை வேறொரு தீவுக்கு அனுப்பிவிட்டு, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். படகோட்டியின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். அதற்குள் அவரைப்போல இன்னொருவர் நுழையலாம். அப்படியே படகில் ஏறினார். கூடவே கேமராவோடு ஒரு முக்குளிப்பவரும் வந்தார்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். படகோட்டி சத்தமில்லாமல் அடியறைக்குள் போனார். முக்குளிப்பவர் தண்ணீருக்குள் இறங்கினார். குருவும் சிஷ்யையும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். சொல்லிவைத்தாற்போல இருபதாவது நிமிடத்தில் உறுமல் எழுந்தது. விசில் வந்ததும் பேராசிரியரின் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் மீனுக்குத் தன் மனைவியின் பெயரைத்தான் வைக்கப் போவதாகச் சொன்னார்.

முக்குளிப்பவர் மேலே வந்து, கீழே பாறையைத் தவிர ஒன்றுமே இல்லை என்றார்.

"பாறையோட பாறையா இருக்கு. அவ்வளவு கூச்சம்" என்றார் பேராசிரியர். ஆய்வாளர் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இந்தத் தடவை அடிக்கோடு போடக் கை வரவில்லை.

உலகத்துக்கு அறிவிப்பதற்கு முன்னால் உள்ளூர்க்காரர்களைக் கேட்டுவிடலாம் என்று அவள்தான் யோசனை சொன்னாள். தலைமுறை தலைமுறையாக இந்தக் கடலில் புழங்குகிறவர்கள். இந்த மீனை ஒருவராவது பார்த்திருந்தால், தன் மனதில் உள்ள முள் போய்விடும் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை மீனவர் சங்கக் கூடம் நிறைந்துவிட்டது. இயக்குநரும் பத்திரிகைக்காரரும் வந்திருந்தார்கள். மீனைக் கண்டுபிடிக்க உதவியவர் என்று படகோட்டியை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவர் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். பேராசிரியர் கால் மணி நேரம் காற்றுப்பையைப் பற்றிப் பேசினார். பிறகு ஆய்வாளர் பொத்தானை அழுத்தினாள்.

புயல் எச்சரிக்கை சொல்லும் பெரிய ஒலிபெருக்கியில் உறுமல் கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்று குறில், ஒரு நெடில், அமைதி, விசில்.

வயதான மீனவர்கள் ஒருவரையொருவர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். பேராசிரியர் முதல் வரிசையைப் பார்த்து, நீங்களாவது இதைக் கேட்டதுண்டா என்றார்.

படகோட்டி எழுந்து, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "முப்பது வருஷமா கடல்ல இருக்கேன் சார். சத்தியமா சொல்றேன், இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்ல."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. இயக்குநர் கைதட்ட ஆரம்பித்தார். பத்திரிகைக்காரர் வேகவேகமாக எழுதினார். புது இனம்தான், சந்தேகமே இல்லை. ஆய்வாளருக்குப் பல நாட்களுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

அப்போது கடைசி வரிசையில், இடுப்பில் கூடையோடு நின்றிருந்த படகோட்டியின் மனைவி கையைத் தூக்கினாள். பேராசிரியர் ஆவலோடு, உங்களுக்கு இந்த மீனைத் தெரியுமா என்று கேட்டார்.

"விசில் வந்ததும் விலாவுல ஓங்கி ஒரு இடி இடிங்க சார், திரும்பிப் படுத்துக்குவாரு."