பிரேக் மாஸ்டர் கண் திறந்த கதை

இந்த முறை கண்ணை மூடுவதில்லை என்று பிரேக் மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். செத்தாலும் மூடுவதில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இப்படிச் சபதம் செய்யும்போதே ஒரு தடவை கண்ணை மூடிவிட்டார். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் ஒரு கார், ஒரு போர்டு, அவர். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்காருவார். அவர் காலடியில் தனியாக இன்னொரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்ததும் மாணவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பார். மாஸ்டர் அந்த நொடியில் இரண்டு காரியம் செய்வார். கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். காலை ஓங்கி அமுக்குவார். கார் நின்றுவிடும். கண்ணைத் திறந்து பார்த்தால் லாரி போயிருக்கும். ஊரில் பாதிப் பேரை இப்படித்தான் கரை சேர்த்திருக்கிறார்.

ஆனால் தொழில் பழக்கம் தொழிலோடு நிற்கவில்லை. யாராவது கேமராவைத் தூக்கி "ரெடி" என்றால் போதும், கால் தரையை அமுக்கும், கண் மூடிக்கொள்ளும். கல்யாண ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை தூங்குகிறார். அவருடைய டிரைவிங் லைசென்ஸிலும் தூக்கம்தான். அதைப் பார்த்துவிட்டு, கட்டிய ஃபீஸைக்கூடக் கேட்காமல் ஓடிப்போன மாணவர்கள் உண்டு.

இத்தனை நாள் அவர் இதற்காகக் கவலைப்பட்டதில்லை. கவலையைக் கொண்டுவந்தது ஓர் ஆணி.

ஹாலில், சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே, சுவரில் சும்மா இருந்த ஆணி. அதில் முன்பு தொங்கிய கடிகாரம் ரிப்பேராகிப் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மாஸ்டர் சொன்னார்:

"அங்க என் படம் ஒண்ணு பெரிசா மாட்டலாம்னு இருக்கேன்."

"மாட்டலாமே," என்றாள் மனைவி. "வர்றவங்க எல்லாம் 'ஐயோ, எப்ப ஆச்சு?'ன்னு கேப்பாங்க. பரவாயில்லையா?"

"ஏன் கேக்கணும்?"

"கண்ணு மூடின படத்தை சுவத்துல பார்த்தா வேற என்ன கேப்பாங்க? அதுக்கு எங்கம்மா படம் எவ்வளவோ தேவலை. அவங்களுக்குக் கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு இருக்கும். ஃப்ரேம்கூட வாங்கி வெச்சுட்டேன்."

மாஸ்டர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். மாமியாரின் பார்வை அவருக்குத் தெரியாததல்ல. எதிரில் நிற்கிறவர் சட்டைப் பையில் என்ன இருக்கிறது, மனசில் என்ன இருக்கிறது, இரண்டையும் ஒரே வீச்சில் படித்துவிடுகிற பார்வை. அது ஆயுசு முழுக்க மேசைக்கு எதிரே தொங்கினால் மனிதன் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ள முடியுமா?

"கண்ணு திறந்த படம் கொண்டுவந்தா?" என்றார்.

"லீவுக்கு எங்கண்ணன் ஊருக்குப் போறோம்ல? திரும்பி வர்றதுக்குள்ள அப்படி ஒரு படம் காட்டுங்க. ஆணி உங்களுக்கு. இல்லேன்னா எங்கம்மாவுக்கு."

"பேச்சு மாறக்கூடாது."

"நான் எதுக்குங்க மாறணும்? உங்க கண்ணு மாறட்டும்."

அவளோடு பந்தயம் கட்டும்போது மாஸ்டர் ஒரு விஷயத்தை யோசித்திருக்க வேண்டும். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள். இன்றைக்கு வரவேண்டியவரை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, "சார், நீங்க கேட்டபடியே மாத்திட்டேன்" என்று தேன் குரலில் சொல்வாள். பல்வலியோடு இருக்கிறவரும் "ரொம்ப நன்றிம்மா" என்று போனை வைப்பார்.

யோசிக்கவில்லை. ஏனென்றால் அன்று சாயங்காலமே போனில் ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மைத்துனரும் மாமியாரும் இருக்கும் அந்தப் பெரிய நகரத்தில், வெளியூர்க்காரர்களுக்காக ஒரு ஏற்பாடு. ஒரு மணி நேரம் ஒரு போட்டோகிராபர் கூடவே வருவார். பார்க்க வேண்டிய இடங்களுக்கு அழைத்துப்போய், எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்துப் படம் எடுத்துத் தருவார்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. படத்துக்கு நிற்கக் கற்றுத்தர ஒரு மாஸ்டரா! கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அப்போதே புக் பண்ணினார். எத்தனை பேர் என்று கேட்டது. ஒருவர் என்று தட்டினார். போன் நம்பர் கேட்டது. கேஸ்காரர், கூரியர்காரர், யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்கிற நம்பர் அவரிடம் ஒன்று உண்டு. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர். அதைத் தட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு ஒரே பயிற்சி. டேபிள் ஃபேனுக்கு முன்னால் கண்ணை விரித்து உட்கார்ந்தார். வெங்காயம் நறுக்கித் தருகிறேன் என்று தானாக வந்து நின்றார். கண்ணீர் தாரையாக வழிந்தது, கண் மூடவில்லை. உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, மைத்துனர் வீட்டு வாசலில் புதுச் சட்டையோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி வந்து நின்றாள்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு. நம்ம வண்டிக்கு பிரேக் கம்பி ஒண்ணு பார்க்கணும்."

"அதுக்குப் புதுச் சட்டை எதுக்கு?"

"பெரிய ஊரு. கடைக்காரன் மதிக்கணும்ல."

"சென்ட் வாசனை ஆளைத் தூக்குதே?"

"கிரீஸ் வாசனைக்கு முன்னேற்பாடு."

"நல்லது. அப்படியே அம்மாவையும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

மாஸ்டரின் கால் தானாகத் தரையை அமுக்கியது. "அத்தை எதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு?"

"முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். அவங்களுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் தகராறுதான்."

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். பளபளக்கும் புடவை, கையில் புதுக் கைப்பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. முழங்கால் வலிக்காரர் இப்படியா கிளம்புவார் என்று மாஸ்டர் அப்போதே கேட்டிருக்கலாம். அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

சொல்லியிருந்த இடம் நகரத்தின் நடுவில் ஒரு நீரூற்றுச் சதுக்கம். சுற்றிலும் உயர உயரமான கட்டடங்கள், புறாக்கள், எங்கே பார்த்தாலும் போனைத் தூக்கிப் பிடித்த கைகள். இந்த ஊரே தன் படத்துக்காகக் காத்திருப்பதாக மாஸ்டருக்குத் தோன்றியது. மாமியாருக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

"அத்தை, கடை அந்தச் சந்துக்குள்ள இருக்கு. ஒரே தூசி. நீங்க இங்கயே இருங்க. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"அவசரமில்ல மாப்பிள்ளை. நல்ல பிரேக்கா பார்த்து வாங்குங்க."

நீரூற்றுக்கு அந்தப் பக்கம் தோளில் கேமராவோடு ஒரு பெண் நின்றிருந்தாள். துள்ளலான பெண். இவரைப் பார்த்ததுமே கையை ஆட்டினாள்.

"வாங்க மாஸ்டர் சார்! அம்மா எங்க?"

"எந்த அம்மா?"

"ரெண்டு பேருக்குத்தானே புக்கிங்?"

"ஒருத்தர்தான். நான்தான்."

"ரெண்டு பேர் சார்... அதோ அம்மா!"

மாஸ்டர் திரும்பினார். கையில் ஐஸ்கிரீமோடு மாமியார் வந்துகொண்டிருந்தார். முழங்கால் வலியில் அந்த வேகம் சாத்தியமே இல்லை.

"ஸ்பேர் பார்ட்ஸ் கடை காத்தோட்டமா இருக்கு மாப்பிள்ளை," என்றார் நீரூற்றைப் பார்த்தபடி.

தன் தடித்த விரல்தான் ஒன்றுக்குப் பதில் இரண்டைத் தட்டியிருக்கிறது என்று மாஸ்டர் நொந்துகொண்டார். "அத்தை, வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க," என்று கெஞ்சினார்.

"சத்தியமா என் மகளுக்கு நான் ஒண்ணும் புதுசா சொல்லப்போறதில்ல," என்றார் மாமியார். அந்த வாக்கில் எவ்வளவு நேர்மை இருந்தது என்பது மாஸ்டருக்குப் பிறகுதான் விளங்கியது.

படமெடுப்பு ஆரம்பமானது. நீரூற்றுக்கு முன்னால் நின்றார். "தோளைத் தளர்த்துங்க, மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க, தண்ணியைப் பாருங்க," என்றாள் பெண். எல்லாம் செய்தார். கேமரா மேலே போனது. கால் அமுக்கியது. கண் மூடியது. மணிக்கூண்டுக்கு முன்னால் நின்றார். மூடியது. "கண்ணை மூடிக்கிட்டே இருங்க சார், நான் சொன்னதும் திறங்க," என்றாள். திறந்தார். 'க்ளிக்' வருவதற்குள் மறுபடி மூடிக்கொண்டார். அகலப் படிக்கட்டில் உட்கார்ந்து, நின்று, இறங்கி, ஏறி, பக்கவாட்டில் பார்த்து, மேலே பார்த்து, எல்லா விதமாகவும் தூங்கினார்.

மாமியார் மட்டும் எங்கே நிறுத்தினாலும் சிலைபோல் நின்றார். "அம்மா, பிரமாதம்! அம்மா, அப்படியே!" என்று பெண் குதித்தாள். "என் மருமகன் வழியில நின்னா தள்ளிக்கச் சொல்லும்மா," என்றார் மாமியார்.

ஒரு மணி நேரம் முடியப் போனது. மாஸ்டருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. ஆணியில் மாமியார் தொங்குவது இப்போதே தெரிந்தது.

"கடைசியா ஒரு இடம் இருக்கு சார்," என்றாள் பெண். "உங்க தொழிலுக்கு ஏத்த இடம்."

ஆற்றோரப் பூங்காவில், லேசான சரிவில், கூரையில்லாத ஒரு சிவப்புப் பழைய கார் நின்றிருந்தது. படம் எடுத்துக்கொள்வதற்கென்றே நிறுத்திவைத்த கார். மாஸ்டருக்கு உயிர் வந்தது. கார்! கார் என்றால் அவர் ராஜா. கதவைத் திறக்கப் போனவர் நின்றுவிட்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மாமியார் ஏற்கெனவே அமர்ந்திருந்தார்.

"நீங்க தினமும் உக்கார்ற சீட்டுலயே உக்காருங்க மாப்பிள்ளை. அப்பதான் முகத்துல களை வரும்."

"அத்தை, வண்டியில எதையும் தொடாதீங்க."

"எஞ்சினே கிடையாது சார், வெறும் கூடு," என்றாள் பெண்.

மாஸ்டர் பக்கத்து சீட்டில் சாய்ந்தார். வந்த மாணவர்களுக்கெல்லாம் "உக்காந்ததும் முதல்ல ஹேண்ட் பிரேக்கைப் பாருங்க" என்று பாடம் நடத்துகிறவர், அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. முழுக் கவனமும் இமையில் இருந்தது.

"ரெடி!" என்றாள் பெண்.

'கடக்' என்று ஒரு சத்தம். கார் நகர்ந்தது.

மாஸ்டர் ஓங்கி அமுக்கினார். காலடியில் பிரேக் இல்லை. மறுபடி அமுக்கினார். வெறும் தரை. காலை அமுக்கினால் கார் நின்றுவிடும் என்ற தைரியத்தில் மூடிக்கொள்ளப் பழகிய கண்கள், கார் நிற்கவில்லை என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் திறந்தன. வாழ்நாளில் திறக்காத அளவுக்குத் திறந்தன. எதிரே ஒரு செடிவேலி அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"அத்தைஐஐ!"

இரண்டு கையாலும் மாமியாரைக் கட்டிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் உட்கார்ந்தால் எழுந்து நிற்கிற மனிதர்! கார் பத்தடி உருண்டு, செடிவேலியில் மெத்தென்று சாய்ந்து நின்றது.

"கண்ணு சார்! கண்ணு!" என்று பெண் துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

கேமராவில் பார்த்தார். உருண்டை உருண்டையாக, வெள்ளை விழி முழுக்கத் தெரிய, இரண்டு கண்கள். அவருடைய சொந்தக் கண்கள்! "ஜெயிச்சுட்டேன்!" என்று பூங்கா அதிரக் கத்தினார். முன்பின் தெரியாத ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார். பிறகு பெண்ணைத் தனியே அழைத்துக் காதோடு கேட்டார்:

"இதுல அத்தையை மட்டும் வெட்டி எடுத்துடலாமா?"

"அம்மாவை வெட்டினா உங்க ரெண்டு கையும் போயிடும் சார். ஒரு கன்னமும் போயிடும்."

போகட்டும், கண் திறந்திருக்கிறதே, ஆணி நமக்குத்தானே என்று மாமியாரோடு மைத்துனர் வீட்டுக்குப் பறந்தார். மனைவி வாசலிலேயே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனில் அவருடைய கண்கள்.

"உனக்கு எப்படி வந்துது?"

"நீங்க புக் பண்ணின அன்னைக்கே அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணிட்டாளே. என் நம்பரைக் கொடுத்துட்டு என்கிட்டயே மறைக்கறீங்களா?"

மாஸ்டர் தன் போனை எடுத்து புக்கிங்கைத் திறந்து பார்த்தார். அவள் நம்பர்தான்.

"ரெண்டு பேர்னு மாத்தினது நான்தான். பிரேக் இல்லாத வண்டியில உக்காரவைம்மா, கண்ணு தானா திறக்கும்னு சொன்னதும் நான்தான். செடிவேலிக்குப் பக்கத்துலதான் நிக்குது, ஒண்ணும் ஆகாதுன்னு கேட்டுக்கிட்டேன்."

"அந்த ஹேண்ட் பிரேக்கு?"

"அவ இறக்கச் சொன்னா, நான் இறக்கினேன்," என்றார் மாமியார்.

"ஏன் இப்படிச் செஞ்சே?" என்றார் மாஸ்டர் பரிதாபமாக.

மனைவி படத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். "எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? நம்ம கல்யாண ஆல்பத்துல ஒரு பக்கத்துலகூட நீங்க என்னைப் பார்க்கல."

மாஸ்டர் உருகிவிட்டார். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இருந்தாலும் விஷயத்தை விடவில்லை. "அப்ப ஆணி எனக்குத்தானே?"

"சொன்னா சொன்னதுதான். உங்களுக்கேதான்."

ஊர் திரும்பியதும் படம் ஹாலில் ஏறியது. அம்மாவுக்கென்று வாங்கிவைத்த ஃப்ரேம் அளவெடுத்த மாதிரி பொருந்தியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கறுப்புக் கண்ணாடியில் மாமியார் சிரிக்கிறார்; அவர் தோளைக் கட்டிக்கொண்டு, கண்ணும் வாயும் பிளந்து மாஸ்டர். தினமும் இரண்டு வேளை அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார். கண் திறந்திருக்கிறது என்ற பெருமை மட்டும் குறையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கார் கற்றுக்கொள்ள ஒரு வங்கி ஊழியர் வீடு தேடி வந்தார். சுவரைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்:

"மாஸ்டரம்மா வீட்டுல இருக்காங்களா?"

"அடுத்த வாரம் வர்றாங்க சார், இனிமே இங்கதான் இருப்பாங்க," என்றாள் மனைவி, ரிசப்ஷன் குரலில். "நீங்க கேட்டபடியே அவங்ககிட்ட உங்களுக்குக் காலை கிளாஸ் போட்டுட்டேன்."